உன் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியும்

அன்புள்ள குழந்தைக்கு,

"இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் உன் க்ஷேமத்துக்கு எழுதவும்" என்று ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். இன்று அப்படி ஆரம்பித்தால் முதல் வரியே பொய்யாகிவிடும். நீ ரயிலேறி இரண்டு நாளாகிறது. இந்தக் கடிதம் மாதுங்காவில் உன் சித்தப்பா வீட்டுக்கு வந்து சேர இன்னும் இரண்டு நாளாகும். சனிக்கிழமை உன் கப்பல். அதற்குள் நீ இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு எழுதுகிறேன். காய்ச்சலில்கூட லீவு போடாதவன் நான் என்பது உனக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியும். ஏதோ எஸ், நோ மட்டும் அல்ல. நீயும் நானும் பேசுகிற இங்கிலீஷ் அவ்வளவும் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாம் இருவரும் இலை முன்னால் உட்கார்ந்து பேசியது ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குப் புரிந்தது.

அன்று நீ என்ன சொன்னாய் என்பதை நான் உனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுத்தில் பார்த்தால்தான் அது எப்படி இருக்கிறது என்று தெரியும். குழம்பு சாதம் முடிந்து அவள் ரசம் விட வரும்போது ஆரம்பித்தாய். படிப்பு மூன்று வருஷம்தான், ஆனால் அதற்கப்புறம் திரும்பி வருகிற உத்தேசம் இல்லை, அங்கேயே ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடப் போகிறேன், அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், அழுது ஊரைக் கூட்டுவாள், மூன்று வருஷம் என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்றாய். எல்லாம் இங்கிலீஷில். நானாவது ஒரு தகப்பன் மாதிரி நடந்துகொண்டேனா? இல்லை. "சமயம் பார்த்து நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், நீ நிம்மதியாகப் போ" என்று உன்னைவிட நல்ல இங்கிலீஷில் பதில் சொன்னேன். வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. அப்போது அவள் ரசப் பாத்திரத்தோடு நம் இருவருக்கும் நடுவில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். "நன்னாக் குழிச்சுக்கோடா, ரசம் ஓடிடப் போறது" என்றாள் உன்னிடம். நீ சாதத்தைக் குழித்துக்கொண்டாய். அவள் ஒரு சொட்டுச் சிந்தாமல் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் வண்டி நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ "போயிட்டு வரேம்மா" என்றாய். உன் அம்மா என்ன சொன்னாள், கவனித்தாயா? நீ கவனித்திருக்க மாட்டாய், புகையும் கூச்சலுமாக இருந்தது. தெருக்கோடிக்கு உப்பு வாங்கப் போகிறவனிடம்கூட "போயிட்டு வா" என்று சொல்லாமல் விடாதவள், உன்னிடம் அதைச் சொல்லவில்லை. "நன்னா இரு" என்றாள். "நன்னா இருடா" என்று மறுபடியும் சொன்னாள். அவ்வளவுதான். எனக்கு அது சுருக்கென்றது. கடல் தாண்டிப் போகிற பிள்ளையிடம் இந்த வார்த்தையா என்று கோபம்கூட வந்தது. ஜட்காவில் ஏறி, வண்டி மவுண்ட் ரோடு தாண்டி ராயப்பேட்டைக்குள் திரும்பும் வரை பொறுத்துப் பார்த்தேன். பொறுக்க முடியவில்லை.

"ஏண்டி, குழந்தை அவ்வளவு தூரம் போறான். வாய் நிறைய போயிட்டு வான்னு சொன்னா என்ன?" என்றேன்.

"வரமாட்டேன்னு சொன்னவனை எப்படின்னா வான்னு சொல்றது?" என்றாள்.

"யார் உனக்குச் சொன்னா?"

"நீங்க ரெண்டு பேரும்தான் சொன்னேள். நான் ரசம் விட்டுண்டிருக்கச்சே."

இந்த இடத்தில் நீ என்னைக் கேட்பாய், நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்கு இங்கிலீஷ் எப்படி வந்தது என்று. அதைத்தான் சொல்ல வேண்டும். ஏழு வருஷமாக நான் சொல்லாமல் விழுங்கிய கதை அது. அதில் நான் ஒன்றும் நல்ல பிள்ளையாக வரப்போவதில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணம் காலியானது உனக்கு நினைவிருக்கும். உன்னையும் என் அம்மாவையும் கும்பகோணத்துக்கு அனுப்பினேன். எனக்கு ஆபீசை விட்டு நகர வழியில்லை, எனக்குச் சமைத்துப் போட உன் அம்மா மட்டும் இங்கே தங்கினாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவளும் நானும் ஒரே வீட்டில் தனியாக இருந்தது அப்போதுதான். மாடவீதியில் பத்து வீட்டுக்கு எட்டு வீடு பூட்டிக் கிடந்தது. ஆபீசிலும் அதே கதை. சின்ன துரைகள் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள், நடுவில் இருந்த தலைமைக் குமாஸ்தா ஊருக்கு ஓடிவிட்டார். பெரிய துரையின் அறைக்குள் போய் நேரில் பேசுகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் பி.ஏ. எழுத்தில் எனக்கு வராத டிராப்ட் கிடையாது. ஆனால் துரை நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். எழுதிக்கொண்டு வருகிறேன் சார் என்று வெளியே வந்துவிடுவேன். ஒருநாள் அந்த ஆள் சிரித்துவிட்டான்.

இங்கிலீஷ் படங்களைப் பார்த்தால் பேச்சு பழகும் என்று யாரோ சொன்னார்கள். சனிக்கிழமை மாட்டினிக்கு மவுண்ட் ரோடு கொட்டகைக்குப் போக ஆரம்பித்தேன். வெறிச்சோடிய தெருவில் அவளைத் தனியாக விட்டுப் போகப் பயந்து அவளையும் கூட்டிப் போனேன். பூட்டிய வீடுகளுக்கு நடுவில் கேட்க யார் இருக்கிறார்கள்? மடிசாரோடு அவள் டிராமில் ஏறி இறங்கி என் பின்னால் வந்தாள். பாட்டும் கூத்துமாக இருக்கிற படங்கள் எனக்கு உதவாது. நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து பேசிப் பேசியே கழுத்தறுக்கிற குடும்பப் படங்களாகத் தேடிப் பிடிப்பேன். ஒரே படத்தை மூன்று தடவை, நாலு தடவை பார்ப்போம். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் எங்களைப் பார்த்தாலே கேலி செய்வான். "இன்னா சாமி, அதே படந்தான் ஓடிக்கினு கீது. அம்மாவுக்கு அவ்ளோ புடிச்சிப் போச்சா?" என்பான். அம்மாவுக்கு என்ன தெரியும், எனக்காக வருகிறாள் என்று நான் சொல்வேன்.

நான் படித்த லட்சணத்தைக் கேள். கையில் நோட்டும் பென்சிலுமாகப் போவேன். இருட்டில் வசனத்தை எழுதுவேன். எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த நாலு வசனம் ஓடிப்போய்விடும். வீட்டுக்கு வந்து பார்த்தால் வரிமேல் வரி ஏறிக் கோழி கிளறியதுபோல் இருக்கும். அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகப் பொருள் தேடுவேன், ஒன்றோடொன்று ஒட்டாது. இரண்டாம் மாதம் இப்படித் திண்டாடிக்கொண்டிருக்கும்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா, "அது மன்னிப்பு இல்லேன்னா" என்றாள். 'ஐ பெக் யுவர் பார்டன்' என்ற வார்த்தையைத்தான் சொன்னாள். "அந்தப் பொண்ணு அதைச் சொல்றச்சே மூஞ்சியப் பாத்தேளா? மன்னிப்பாவது ஒண்ணாவது. இன்னொரு தடவை சொல்லிப் பாருன்னு மிரட்டறா. அந்தக் கிழவர் சொல்றச்சேதான் நெஜமா காது கேக்கலே." நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். யார் யாரிடம் எப்போது எந்தக் குரலில் சொன்னார்கள் என்பது அவளுக்குப் பாடம். இங்கிலீஷ் எழுத்து ஒன்று தெரியாது, காதும் கண்ணும் போதுமாயிருந்தது.

அதற்கப்புறம் தினம் சாயங்காலம் எங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. அவள் அரிவாள்மணையில் உட்கார்ந்தபடி பெரிய துரை ஆவாள். நான் சமையலறை வாசற்படியில் நின்று கதவைத் தட்டுவேன். "வெல், வாட் இஸ் இட் நவ்?" என்பாள், புருவத்தை ஒரு தூக்குத் தூக்கி. நான் திக்கினால், "இப்படிக் கையைக் கட்டிண்டு நின்னா அவன் இன்னும் ஏறுவான். அந்தப் படத்துல வக்கீல் என்ன பண்ணினான்? முதல்ல நாற்காலியை இழுத்துப் போட்டுண்டான், அப்பறந்தான் பேசினான்" என்பாள். நான் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்தது அந்த ஆறு மாதம்தான். குண்டு விழுமோ என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் இருவரும் வாழைக்காய் நறுக்கிக்கொண்டு இங்கிலீஷில் சண்டை போட்டு விளையாடினோம். ஆபீசில் என் நாக்கு விடுபட்டது. துரை என்னை உட்காரச் சொல்லிப் பேச ஆரம்பித்தான். தலைமைக் குமாஸ்தா என்று ஆர்டர் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அவள் எழுந்து நின்று, படத்தில் வருகிற சீமாட்டி மாதிரி என்னிடம் கை நீட்டினாள். நான் பிடித்துக் குலுக்கினேன்.

அந்த வருஷம் நவராத்திரிக்குத் துரை தன் பெண்டாட்டியோடு கொலு பார்க்க வந்தான். நானே அழைத்தேன், பெருமை பிடித்து ஆட்டியது. அந்தத் துரைசானி தசாவதார பொம்மைகளைக் காட்டி என்னிடம் ஏதோ கேட்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா பதில் சொல்லிவிட்டாள். மீனிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பொம்மையாக, முழு வாக்கியமாக, நடு நடுவே வேடிக்கையாகவும் சொன்னாள். துரைசானி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். துரை கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு என் தோளைத் தட்டி, "இவ்வளவு நாளாக என் அறையில் பேசிக்கொண்டிருந்தது உன் மனைவிதானா!" என்று சொல்லிச் சிரித்தான். நல்ல மனசோடுதான் சொன்னான். எனக்குக் காது இரண்டும் பற்றி எரிந்தது. அப்போது நான் சொன்னதை இன்று எழுதக் கை கூசுகிறது. "சினிமாவில் கேட்டதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறாள் சார், அர்த்தம் ஒன்றும் தெரியாது" என்றேன். இங்கிலீஷில் சொன்னேன். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

துரைசானியின் முகம் மாறியது. அதற்கப்புறம் அவள் உன் அம்மாவிடம் குழந்தையிடம் பேசுவதுபோலக் கையை ஆட்டி ஜாடை காட்டத் தொடங்கினாள். உன் அம்மா சுண்டலும் தாம்பூலமும் கொடுத்தாள். வாயைத் திறக்கவில்லை. அவர்கள் போனதும் சண்டை வரும் என்று காத்திருந்தேன், சண்டை வரவில்லை. சனிக்கிழமை வந்தது. கொட்டகைக்குக் கிளம்பலாமா என்று ஒன்றும் நடக்காதவன் மாதிரி கேட்டேன். "நீங்க போயிட்டு வாங்கோ. அர்த்தம் தெரியாம நான் எதுக்கு அங்க உக்காந்துண்டு" என்றாள். அன்றோடு சரி. ஒரு படம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றியது உண்மை. நாளைக்குக் கேட்போம் என்று தள்ளினேன். பிறகு வீட்டு மனிதர்கள் திரும்பி வந்தார்கள், நீ வந்தாய், வீடு பழையபடி நிறைந்தது. பேசாத பாஷை மறந்திருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

மறக்கவில்லை என்பது ஜட்காவில்தான் தெரிந்தது. "ஏழு வருஷமா இந்த ஆத்துல இங்கிலீஷ்ல பேசினதெல்லாம் எனக்குத் தெரியும்னா" என்றாள், கோபமே இல்லாமல். எல்லாம் என்றால் என்னென்ன என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன் தங்கை பிறந்து நாலு மாதம் இருந்தாளே, கடைசியில் டாக்டர் வந்து தூளிக்குப் பக்கத்தில் நின்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார், இனி நம்பிக்கை இல்லை, இரண்டு மூன்று நாள் என்று. நான் உன் அம்மாவிடம் திரும்பி, "பயமில்லையாம், மருந்து கொடுத்தா தேறிடுமாம்" என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். அந்த மருந்தை வேளை தவறாமல் குழந்தைக்குப் புகட்டினாள், என்னைப் பார்த்துக்கொண்டே. "அப்பவே தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியும். நீங்களா சொல்லுவேள்னு பாத்துண்டிருந்தேன். சொல்லலே. நீங்க தாங்க மாட்டேள்னு விட்டுட்டேன்" என்றாள். நான் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன், அவள் என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். அந்த மூன்று நாளும் நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதிருக்கலாம்.

நீ கெட்டிக்காரன், இப்போது எனக்குப் புத்தி சொல்ல வருவாய். தெரியும் என்று அவளே சொல்லியிருக்கலாமே என்பாய். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன், அவள் மேல் பழியைப் போட ஒரு இடம் கிடைக்காதா என்று. ஆனால் ஒருத்தியை நாலு பேர் முன்னால் ஒன்றும் தெரியாதவள் என்று சொல்லி உட்காரவைத்தவன் நான். அவளாக எழுந்து வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? உனக்கும் ஒன்று சொல்கிறேன். நீ இந்த வீட்டில் என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாய். அவள் எதிரிலேயே அவளைத் தாண்டிப் பேசுகிற பழக்கம் உனக்கு வானத்திலிருந்து வரவில்லை. தப்பு என்னுடையது, அதை நீ தொடர்ந்தால் உன்னுடையது. நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள், எந்த தேசத்துப் பெண்ணாக இருந்தாலும் சரி. அவளுக்கு இது புரியாது என்று மட்டும் ஒருநாளும் நினைத்துவிடாதே. உன்னைவிட ஒன்றில் அவள் ஒரு படி மேலே இருந்தால் சந்தோஷப்படு. எனக்கு அதற்குத் தெம்பு இல்லாமல் போனது.

நீ அங்கேயே இருந்துவிடுவதைப் பற்றி எனக்கு ஆத்திரம் இல்லையா என்றால், இருக்கிறது. ஒரே பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை பெரிய மனுஷன் மாதிரி பதில் சொன்னேனே தவிர, அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அது உன் வாழ்க்கை, உன் இஷ்டம். நான் தடுக்க இதை எழுதவில்லை. நீ கப்பலேறிய பிறகு "இன்னும் இரண்டரை வருஷம்தானே அம்மா" என்று மாதா மாதம் எழுதுவாய். நான் அதை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். அவள் எல்லாம் தெரிந்தவளாக உட்கார்ந்து கேட்பாள். நான் அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தவனாகப் படிப்பேன். இந்த நாடகத்தை இந்த வீட்டில் என்னால் நடத்த முடியாது. ஒரு தடவை நடத்தி ஒரு குழந்தையை அனுப்பிவைத்தாயிற்று.

உனக்கு எழுதப் போகிறேன் என்று நேற்றுச் சொன்னபோது அவள் வேண்டாம் என்றாள். "கப்பலேறப் போற குழந்தை மனசைக் கலைக்காதேங்கோ. தெரிஞ்சா எனக்கு எழுதறதையே நிறுத்திடுவான். பொய்யாவது வரட்டுமே" என்றாள். அவள் பேச்சை மீறித்தான் எழுதினேன். ஆனால் அவளுக்குத் தெரியாமல் அனுப்ப மாட்டேன், அந்தக் காரியம் இனி கிடையாது. இப்போது சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து முதலிலிருந்து இதுவரை முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கொலு வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். "படிங்கோ" என்றாள். படித்தேன். உறையை எடுத்துக்கொண்டு நான் எழுந்தபோதுதான் பேசினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் வார்த்தை ஒன்றுகூடச் சேர்க்கவில்லை.

"அவன் அங்கயே இருக்கட்டும்னா. நான் தடுக்கலே. அதை எங்கிட்ட ஒரு தடவை தமிழ்ல சொல்லச் சொல்லுங்கோ."